ஆஃப்ரோடு பயணத்துக்கு டூல் கிட் கட்டுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோயம்புத்தூர்க்காரன். டீசல் ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். நண்பர்களிடம் தார், ஜிப்ஸி, ஜிம்னி எல்லாம் உண்டு. மாதம் ஒருமுறையாவது எங்காவது மண்பாதையில் வண்டியை இறக்கிவிடுவோம். வழியில் என் பெட்டியைத் திறந்தால் போதும், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து ஆரம்பித்துவிடுவார். கேள்விகள் அதேதான், ஆள்தான் வேறு. ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் அடுத்தமுறை இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவரவர் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. தேவையில்லாததை நிறைய வாங்கி, தேவையானதை வீட்டில் விட்டுப் போய், அப்படித்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

கம்பெனி கொடுத்த ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கே அண்ணா, அது போதாதா?

தார் ரோட்டில் பஞ்சர் ஆனால் போதும். சேற்றிலோ மணலிலோ ஆனால் போதாது. பல வண்டிகளோடு வரும் கத்திரி ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வண்டியின் எடை ஏற ஏற வண்டி மேலே வராது, ஜாக்கி கீழே போகும். இதற்கு மருந்து ஒரு பலகை. இரண்டு அங்குல கனம், ஒரு அடிக்கு ஒரு அடி. மரக்கடையில் துண்டாகக் கிடக்கும், சும்மாவே கொடுப்பார்கள். பெரிய டயர் போட்டிருந்தாலோ சஸ்பென்ஷனை உயர்த்தியிருந்தாலோ கம்பெனி ஜாக்கியின் உயரம் பற்றாது. வீட்டு வாசலில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

வீல் ஸ்பேனர் விஷயம் கணக்கு. ஜிம்னியில் வீல் நட்டின் இறுக்கம் 100 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளக் கைப்பிடியில் அதைக் கழற்ற சுமார் 40 கிலோ அழுத்தம் வேண்டும். அதுவும் முறையாக இறுக்கியிருந்தால். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்ட நட்டுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம் தேவைப்படும். அதே ஸ்பேனரில் ஜி.ஐ. பைப் ஒன்றைச் செருகி ஒரு மீட்டர் நீளமாக்கினால் 10 கிலோ போதும். என் பெட்டியில் விலை குறைந்த டூல் அந்தப் பைப் துண்டுதான், அதிகம் உழைப்பதும் அதுதான். கழற்ற மட்டும் பைப். முடுக்கும்போது வேண்டாம், போல்ட்டின் மரை போய்விடும்.

திருட்டுக்குப் பயந்து லாக் நட்டு போட்டிருப்பவர்கள் அதன் சாவி வண்டியில்தான் இருக்கிறதா என்று இப்போதே எழுந்துபோய்ப் பாருங்கள். வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பட்ஜெட் கம்மி. முதல்ல எதை வாங்கறது?

டயர் சம்பந்தப்பட்டதை. மலைப்பாதையில் வண்டி நிற்பதற்குப் பெரும்பாலும் டயர்தான் காரணம், இன்ஜின் இல்லை. அதனால் காற்று அளக்கும் கேஜ், 12 வோல்ட் கம்ப்ரசர், டியூப்லெஸ் பஞ்சர் கிட், மேலே சொன்ன பலகை, பைப். இவை முதல் மாதம்.

அடுத்து நெற்றியில் மாட்டும் ஹெட்லேம்ப். கை டார்ச் வேண்டாம். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீல் நட்டு கழற்ற முடியாது. டார்ச் பிடிக்க வந்த நண்பரும் பேச்சு சுவாரஸ்யத்தில் வெளிச்சத்தை வேறெங்கோ காட்டிக்கொண்டிருப்பார். கூடவே நல்ல கையுறை ஒரு ஜோடி. அப்புறம்தான் ஸ்பேனர் செட், அதன் பின் இழுவைக் கயிறு.

ஆன்லைன்ல 108 பீஸ், 216 பீஸ் செட்டுன்னு சீப்பா கிடைக்குதே, அதை வாங்கிட்டா வேலை முடிஞ்சுதே?

அந்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் திருப்புளி முனைகள். மீதியில் உங்கள் வண்டிக்குப் பொருந்தாத அளவுகள் ஒரு கூடை இருக்கும். செட்டை வைத்து வண்டியைப் பார்க்காதீர்கள், வண்டியை வைத்து செட்டைப் பாருங்கள்.

ஜப்பானிய வழியில் வந்த வண்டிகளில் போல்ட் தலைகள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் 8, 10, 12, 14, 17, 19 என்று போகும். ஐரோப்பிய வழி அளவுகள் உள்ளே நுழைந்த வண்டிகளில் 13, 16, 18 வரும். ஒரே எம்8 போல்ட்டுக்கு (தண்டு 8 மில்லிமீட்டர் தடிமன்) ஒரு வண்டியில் 12 ஸ்பேனர், இன்னொரு வண்டியில் 13. எம்10-க்கு 14, 16, 17 மூன்றுமே உண்டு. அதனால்தான் நண்பர் வண்டிக்குக் கட்டிய கிட் உங்களுக்குச் சரிப்படாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டரி டெர்மினல், ஏர் ஃபில்டர் பெட்டி, டீசல் ஃபில்டர், பெல்ட் டென்ஷனர், பம்பர், அடித்தகடு, ஷாக் அப்சார்பர், லீஃப் ஸ்பிரிங் யூ-போல்ட் என்று ஒவ்வொன்றிலும் ஸ்பேனரை வைத்துப் பார்த்து அளவை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு, போல்ட் தலையை மூடிப் பிடிக்கும் சாக்கெட் ஒன்பதும் ஏழு ஸ்பேனரும் போதுமானதாக இருந்தன. அறுகோண ஆலன் கீயும் நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனையும் எங்கெங்கே வருகின்றன என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இவை இரண்டும்தான் கடைசி நேரத்தில் காலை வாரும்.

ஸ்பேனர் செட் இருந்தா சாக்கெட் வேணுமா?

இரண்டும் வேண்டும். போல்ட்டை சாக்கெட் பிடித்துத் திருப்பும்போது அந்தப் பக்கம் நட்டு சேர்ந்து சுற்றாமல் இன்னொன்று பிடிக்க வேண்டுமே. ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் வாய் திறந்த காம்பினேஷன் ஸ்பேனர் வாங்குங்கள். சாக்கெட்டில் ஆறு முனை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் மூலையை மழுக்கிவிடும். சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட் அரை அங்குல டிரைவ் ஒன்று, இடம் இருந்தால் சிறிய வேலைக்குக் கால் அங்குலத்தில் ஒன்று.

தபாரியா போதுமா, இல்ல வெளிநாட்டு பிராண்டே வேணுமா?

போதும். நாசிக்கில் செய்கிற அந்த ஸ்பேனரை ஊரெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் பத்து வருடம் அடித்துத் துவைக்கிறார்கள். மாதம் ஒருமுறை திறக்கும் நம் பெட்டிக்கு அது தாராளம். ராட்செட், வீல் நட்டு சாக்கெட், லாக் ஆகும் பிளேயர், இந்த மூன்றில் மட்டும் விலை பார்க்காதீர்கள்.

சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் சுற்றினால் பழைய வண்டிகளின் கம்பெனி ஜாக்கி, கைப்பிடிக் கம்பிகள் கிடைக்கும். புதுசைவிடக் கெட்டி. வாங்கும்முன் மரையைச் சுற்றிப் பாருங்கள்.

காத்தை இறக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு இறக்கணும், அப்புறம் ஏத்தறது எப்படி?

இதுவும் டூல் கிட் கேள்விதான். ஏற்ற வழி இல்லாதவன் இறக்கக் கூடாது. ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டும் வண்டியை நான் கரடுமுரடான கல்பாதையில் 24-க்கு இறக்குவேன், சேறும் மணலும் வந்தால் 18. பதினைந்துக்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவர வாய்ப்பு உண்டு. வண்டி எடை, டயர் அளவுக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும். காலையில் டயர் சூடேறும்முன் அளந்ததே சரியான அளவு.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரசர் கார் டயருக்குப் பரவாயில்லை. பெரிய மண் டயர் நான்கையும் ஏற்றவேண்டும் என்றால் பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள். அந்தச் சாக்கெட்டின் ஃபியூஸ் வழக்கமாக 15 ஆம்பியர் அளவில்தான் இருக்கும், பெரிய மோட்டாரைத் தாங்காது. இன்ஜினை ஓடவிட்டே காற்று அடியுங்கள். குழாய் பின் டயர் வரை எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். என் முதல் கம்ப்ரசர் எட்டவில்லை.

பஞ்சர் கிட்ல டயரோட சைடையும் ஒட்டலாமா?

கூடாது. தரையில் படும் பட்டைப் பகுதிக்கு மட்டும்தான் கிட்டில் வரும், ஓட்டையில் செருகி அடைக்கிற அந்த ரப்பர் குச்சி. பக்கச்சுவர் ஓடும்போது மடங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கும், அதில் எது செருகினாலும் நிற்காது. வேறு வழியே இல்லை என்றால் நான்கைந்து குச்சிகளைச் சேர்த்துத் திணித்து, நடக்கிற வேகத்தில் ரோடு வரை வரலாம். அதோடு அந்த டயருக்குக் கும்பிடு. பாறைப்பாதைக்குப் போவதாக இருந்தால் ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாதிப் பேர் பார்ப்பதில்லை.

என்னென்ன ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துட்டுப் போகணும்?

அறுவது, ஒழுகுவது, எரிவது. அறுவது ஃபேன் பெல்ட். பெல்ட் மாற்றும்போது ஓடுகிற நிலையில் உள்ள பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் உங்கள் ஸ்பேர். ஏற்கெனவே உங்கள் வண்டியில் ஓடியது என்பதால் அளவு தப்பாது. ஒழுகுவதற்கு மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ், நாலைந்து அளவில் ஹோஸ் கிளிப், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், அரை லிட்டர் பிரேக் ஆயில், கூலன்ட். எரிவதற்கு ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, ஒரு ரிலே.

ஃபியூஸை நிறம் பார்த்தே எடுக்கலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் எரிந்த இடத்தில் பச்சையைச் செருகாதீர்கள். அடுத்து எரிவது ஒயரிங்காக இருக்கும். உங்கள் வண்டியில் இருப்பது மினியா, சாதாரண அளவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் ஃபில்டர் ஒன்று கட்டாயம் வையுங்கள். மலைகளில் சின்ன பங்க்கில் போட்ட டீசலில் தண்ணீர் இருந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி தண்ணீரை வடிக்கலாம். ஃபில்டரையே மாற்றினால் கை பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில வண்டிகளில் கை பம்ப் கிடையாது. உங்களுடையதில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஒரு டப்பாவில் எம்6, எம்8, எம்10 நட்டு, போல்ட், வாஷர். கட்டுக்கம்பி ஒரு சுருள், நல்ல தடிமனில் கேபிள் டை, இன்சுலேஷன் டேப், எம்-சீல், பழைய பைக் டியூப். டியூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டிவையுங்கள். ஒழுகும் ஹோஸின்மேல் இழுத்துச் சுற்றி இரண்டு பக்கமும் கிளிப் போட்டால் ஊர் வந்து சேரலாம்.

எனக்கு ஸ்குரூ கழட்டவே தெரியாது சார். ஸ்பேர் வாங்கி என்ன பண்ணப் போறேன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் முதலில் வாங்கவேண்டும். நம் மலைகளில் கை வேலை தெரிந்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறவர், ஜீப் டிரைவர், பால் வண்டிக்காரர், யாராவது அரை மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். அவர்களிடம் இல்லாதது உங்கள் வண்டிக்கான பெல்ட். உங்கள் வண்டிக்கான 14 சாக்கெட்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஏறுவது கேரளப் பக்கமிருந்து. பாதை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். அங்கே ஒருமுறை நாங்கள் ஏறிய பழைய ஜீப் நடுவழியில் நின்றது. டிரைவர் சீட்டைத் தூக்கினார். அடியில் ஒரு கோணிப்பை. நான்கு ஸ்பேனர், ஒரு குறடு, சுத்தியல், கம்பி, ஒரு பழைய பெல்ட், துணி. பத்து நிமிடத்தில் சரிசெய்து, பீடியைப் பற்றவைத்து, கிளம்பிவிட்டார். தன் வண்டியில் எது போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் முப்பது கிலோ பெட்டியை அந்த வாரமே பாதியாகக் குறைத்தேன்.

ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போடறது, டேங்க்ல சோப்பு வெக்கறது, இதெல்லாம் நிஜமா?

சோப்பு நிஜம். டீசல் டேங்க்கில் கல் பட்டு கசிந்தால் துணி சோப்பைப் பிசைந்து விரிசலில் தேய்த்து அடைக்கலாம். டீசலில் சோப்பு கரையாது. தண்ணீர் பட்டால் போய்விடும் என்பதால் மேலே பைக் டியூபை வைத்துக் கட்டுங்கள். எம்-சீல் ஈரத்தில் ஒட்டாது, ஆகவே முதலில் சோப்பு, பிறகு சுற்றிலும் துடைத்துக் காயவைத்து எம்-சீல்.

மஞ்சள்தூள் பழைய லாரி டிரைவர்களின் வித்தை. தூள் ஊறி சின்னத் துளையை அடைக்கும். ஆனால் அது துளையை மட்டும்தான் அடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். பழைய ஜீப்பில் செய்யுங்கள், புது வண்டியில் வேண்டாம். எது செய்தாலும் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

இப்ப வர்ற பி.எஸ்.6 வண்டியில எல்லாமே கம்ப்யூட்டர். ஸ்பேனர் வெச்சு என்ன பண்றது?

டயர், பெல்ட், ஹோஸ், பேட்டரி டெர்மினல், போல்ட், இவற்றில் எதிலும் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பி.எஸ்.6 மாசு விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டி என்றால், வண்டியின் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் கோளாறு எண்ணைப் படிக்கும் ஓ.பி.டி. ரீடர் ஒன்றைப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி அளவுதான், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகினால் போனில் அந்த எண் வரும். பி0299 என்றால் டர்போவின் காற்றழுத்தம் போதவில்லை, முதலில் இன்டர்கூலர் ஹோஸ் கழன்றிருக்கிறதா பாருங்கள். நம் கிளிப்பும் திருப்புளியும் போதும். பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு, ஃபில்டரைப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் கம்ப்யூட்டரே ஸ்பேனரை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்கிறது.

பேட்டரி போச்சுன்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்ல?

மேனுவல் கியர் என்றால், தள்ள இடமும் ஆளும் இருந்தால். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. ஜம்பர் கேபிள் வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் ரப்பர்தான் தடிமன், உள்ளே செம்பு நூல்மாதிரி இருக்கும். மாட்டும் வரிசை: செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். தனியாகப் போகிறவர்களுக்கு லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் நல்லது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள்.

வண்டி சிக்கினா இழுக்க என்ன கயிறு வாங்கறது? லாரிக்காரங்க வெக்கற இரும்புக் கயிறு ஸ்ட்ராங்தானே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

இரும்புக் கயிறும் பாலியஸ்டர் பட்டையும் அவ்வளவாக நீளாது. அவற்றை மாட்டி மெதுவாக இழுக்கலாம், வெட்டி இழுக்கக் கூடாது. சேற்றில் புதைந்த வண்டியை வேகம் எடுத்து இழுக்க நைலான் கயிறு வேண்டும். அது ரப்பர்போல 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு, பிறகு சுருங்கும்போது வண்டியை வெளியே கொண்டுவரும். தாங்கும் திறன் வண்டி எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு இருக்கட்டும்.

எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்தால் பீரங்கிக் குண்டு. கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டுவதற்காக அடியில் வைத்திருக்கும் மெல்லிய வளையங்களும் இதற்கானவை அல்ல. சேஸியோடு போல்ட் போட்ட கொக்கி வேண்டும். இரண்டு பட்டைகளை ஷேக்கிள் (குறுக்கே ஒரு பின்னை முடுக்கி மூடும் இரும்பு வளையம்) போட்டு இணைத்து நீளமாக்குவதும் கூடாது. பட்டை அறுந்தால் அந்த இரும்பு எந்தக் கண்ணாடியில் இறங்கும் என்று தெரியாது. முக்கால் அங்குல ஷேக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும். எதுவும் பொறிக்காத ஷேக்கிளை வாங்காதீர்கள். பின்னைக் கையால் முழுக்க முடுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னால் விடுங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற முடியாது. கயிற்றின் நடுவில் ஒரு ஈரச்சாக்கைப் போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்துங்கள். சொன்னால் கேட்கமாட்டார்கள், போன் எடுத்துக்கொண்டு கிட்டே வருவார்கள். அவர்கள் நகரும்வரை இழுக்காதீர்கள்.

ஹை-லிஃப்ட் ஜாக்கி வாங்கலாமா? வண்டி பின்னாடி மாட்டினா கெத்தா இருக்கும்.

கெத்துக்கு என்றால் வாங்குங்கள். 1905-லிருந்து இருக்கிற சாமான், வேலை தெரிந்தவர் கையில் ஜாக்கியாகவும் கை வின்ச்சாகவும் உழைக்கும். ஆனால் அதை வைத்துத் தூக்க இரும்பு பம்பரோ, கதவுக்குக் கீழே பக்கவாட்டில் பொருத்தும் ராக் ஸ்லைடர் இரும்போ வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் வைத்தால் பம்பர்தான் கையோடு வரும். கைப்பிடியை நழுவவிட்டால் தாடையைப் பெயர்க்கும். என் பிக்கப்பில் இல்லை. பாட்டில் ஜாக்கியும் முதல் பதிலில் சொன்ன பலகையும் வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் வண்டியில எங்க வெக்கறது? சத்தம் தாங்க முடியல.

இரும்புப் பெட்டியை விட்டுவிடுங்கள். கித்தான் துணி வாங்கி, பை தைப்பவரிடம் கொடுத்து, ஸ்பேனருக்கு ஒரு பாக்கெட் வீதம் வைத்துச் சுருட்டிக் கட்டும்படி தைக்கச் சொல்லுங்கள். சத்தம் வராது. விரித்தால் எது இல்லை என்று உடனே தெரியும், காலிப் பாக்கெட் பல்லைக் காட்டும். ஸ்பேனர்களை ஆயில் துணியால் துடைத்துவிட்டுச் சுருட்டினால் மழைக்காலத்திலும் துருப்பிடிக்காது.

நான் மூன்றாகப் பிரித்திருக்கிறேன். கேஜ், ஹெட்லேம்ப், கையுறை, ஃபியூஸ், கத்தி ஆகியவை டிரைவர் கைக்கெட்டும் இடத்தில். கயிறு, ஷேக்கிள், மண்வெட்டி, பலகை கதவைத் திறந்தவுடன் எடுக்கிற இடத்தில். ஸ்பேனர் சுருளும் ஸ்பேர்களும் அடியில். பின்கதவு சேற்றிலோ பாறையிலோ முட்டிக்கொண்டு திறக்காமல் போகும் என்று நினைத்து அடுக்குங்கள். ஒருமுறை எங்கள் கயிறு முழுக்க அப்படி உள்ளே மாட்டிக்கொண்டது.

கனமானவை தாழ்வாக, முன்சக்கர, பின்சக்கர அச்சுகளுக்கு நடுவில். மேலே கேரியரில் டூல் பெட்டியைக் கட்டாதீர்கள், சரிவில் வண்டி புரளவே அது உதவும். கேபினுக்குள் வைப்பது எதுவானாலும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். தீயணைப்பான் சிலிண்டர் உட்பட. பிரேக் போட்டால் முதலில் பறந்து வருவது அதுதான்.

இன்னொரு சாமான்: பழைய ஃபிளெக்ஸ் பேனர். விரித்து அதன்மேல் படுத்து வேலை பார்க்கலாம், கழற்றிய நட்டு மண்ணில் காணாமல் போகாது. எந்தக் கட்சி பேனரானாலும் பரவாயில்லை.

அரிவாள், கோடாலி எடுத்துட்டுப் போனா செக்போஸ்ட்ல பிடிப்பாங்களா?

வனத்துறை செக்போஸ்ட்டில் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம். கையில் அரிவாளும் இருந்தால் நீங்கள் சொல்லும் காரணத்தை யார் நம்புவார்? மடக்கு ரம்பமும் சின்ன மண்வெட்டியும் போதும். வழியில் விழுந்த மரத்தை வெட்டுவதைவிடக் கயிறு கட்டி ஓரமாக இழுப்பது சுலபம்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்கு வேறொன்று: 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. ரேடியேட்டருக்கு என்று கோலா பாட்டிலில் தண்ணீர் பிடித்துவைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, 10 லிட்டர் கேன் ஒன்று வையுங்கள். 2024 மே முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸும் வேண்டும்.

நாலு வண்டி சேர்ந்து போறோம். ஆளுக்கு ஒரு கிட் எதுக்கு?

கம்ப்ரசர் இரண்டு, ஜம்பர் கேபிள், சுத்தியல், மண்வெட்டி, ஓ.பி.டி. ரீடர் ஒவ்வொன்று, இதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வீல் நட்டு சாக்கெட், ஜாக்கி, பெல்ட், ஃபில்டர், ஹோஸ் இவை அவரவர் வண்டியில். காரணம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. யார் எதைக் கொண்டுவருகிறார் என்று முந்தின நாளே பெயர் போட்டு எழுதுங்கள். "யாராவது கொண்டுவருவாங்க" என்று நான்கு பேரும் நினைத்து, நான்கு வண்டிக்கும் ஒரு கேஜ்கூட இல்லாமல் நின்றிருக்கிறோம்.

லடாக் போறோம். இதே கிட் போதுமா?

ஸ்டெப்னி இரண்டாக்குங்கள், உபரி டீசலுக்கு நல்ல இரும்பு கேன் எடுங்கள். மணாலி–லே பாதையில் டாண்டி பங்க்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று எழுதிவைத்திருந்த பலகை அந்த வழியாகப் போனவர்களிடையே பிரபலம். குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் இங்கிருந்து நிரப்பிய டீசல் அங்கே மெழுகுபோல் உறையும். இந்தியன் ஆயில் 2019-ல் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது; டேங்க்கைக் காலியாக்கிக்கொண்டு போய் அதை நிரப்புங்கள். டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவம் ஊற்றும் வண்டியில் அது மைனஸ் 11 டிகிரியில் உறையும், உபரி கேனை வண்டிக்குள் வையுங்கள். கோயம்புத்தூர்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரோடு போகவே போகாதீர்கள், கூலன்ட் பாதிக்குப் பாதி இருக்கவேண்டும்.

ரெண்டு கார் பேட்டரி வெச்சு வெல்டிங் பண்ணலாம்னு வீடியோ பார்த்தேன். ராட் எடுத்துட்டு வரட்டுமா?

நடக்கிற காரியம்தான். இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், மூன்று என்றால் 36. 2.5 மில்லிமீட்டர் ராட் எரியும், உடைந்த பிராக்கெட்டை ஒட்டலாம். ஆனால் பேட்டரிகளை வண்டியிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டுத்தான் செய்யவேண்டும், இல்லையென்றால் வண்டியின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. போய்விடும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறிக்கு வெடிக்கும். முகக்கவசம் இல்லாமல் செய்தால் இரவு முழுக்கக் கண் எரிச்சல். வீட்டில் வெல்டிங் பழகியவர் உங்கள் குழுவில் இருந்தால் அவர் ராட் கொண்டுவரட்டும். நீங்கள் ராட்செட் பட்டையும் கட்டுக்கம்பியும் கொண்டுவாருங்கள், பிராக்கெட்டைக் கட்டியே இறக்கிவிடலாம்.

எல்லாம் வாங்கியாச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

ஒரு மாலை நேரம், இருட்டிய பிறகு, வாசலில் வைத்து உங்கள் கிட்டை மட்டும் கொண்டு ஒரு டயரைக் கழற்றி மாட்டுங்கள். காற்றை 18-க்கு இறக்கி மறுபடி ஏற்றுங்கள். ஒரு ஃபியூஸைப் பிடுங்கிச் செருகுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எது இல்லை, எது எட்டவில்லை, எது வேண்டாம் என்று பட்டியல் தானாக வந்துவிடும். நான் செய்தபோது ஸ்டெப்னியைத் தாங்கும் சங்கிலியை இறக்கும் கம்பியே வண்டியில் இல்லை என்று தெரிந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, ஒரு வருடமாக எனக்கும் தெரியவில்லை.

டூல் கேட்டு வாங்கிட்டுப் போறவங்ககிட்ட எப்படி அண்ணா திருப்பி வாங்கறது?

இதற்குத்தான் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கைப்பிடியில் எல்லாம் மஞ்சள் டேப் சுற்றினேன். கித்தான் சுருளில் காலிப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது என்று விதி வைத்தேன். டேப்போடு சேர்த்துப் போகிறது. குறிப்பாக 10 சாக்கெட். இப்போது இருப்பது நான்காவது. கடைக்குப் போகும்போதெல்லாம் இரண்டாகவே வாங்குகிறேன்.